கரையும் எலும்புகள்

எலும்பு என்றதும் காய்ந்த குச்சியைப் போன்ற உயிரற்ற பொருளே நம் நினைவுக்கு வருகிறது. ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகியதே இதற்குக் காரணம். உண்மையில் நம் உடலிலுள்ள 206 எலும்புகளும் உயிருள்ளவை. அவற்றில் இருவகை உயிரணுக்கள் ஓயாது உழைக்கின்றன. ஒருவகை பழைய எலும்பை அமிலத்தாலும் நொதிகளாலும் கரைக்கிறது. மற்றொரு வகை அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. வளர்ந்தவர் உடலில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காடு எலும்பு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

கரைப்பது மிகுந்து கட்டுவது பின்தங்கினால் அவ்விடத்தில் எலும்பு குறைகிறது. இதையே எலும்புக் கரைவு என்கிறோம். எப்பகுதியில் நேர்ந்தாலும் கரைக்கும் உயிரணுக்கள் ஒன்றே. அவற்றைத் தூண்டும் காரணங்களே வெவ்வேறு. நான்கு இடங்களைக் காண்போம்.

தாடை: பல்லிடுக்கில் தங்கும் அழுக்கில் பாக்டீரியா பெருகி ஈறு வீங்குகிறது. அவ்வீக்கம் ஆழ்ந்து பரவினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. சொத்தையே இல்லாத பல்லும் ஆடி விழுவது இதனால்தான்.

காது: நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. நாட்பட்ட சீழ் இவற்றை அரித்துச் செவித்திறனைக் குறைக்கலாம். ஆகவே காதில் சீழ் வந்தால், எண்ணெய் ஊற்றிக் காலங்கடத்தாமல் மருத்துவரை நாட வேண்டும்.

இடுப்பு: தேய்ந்த இடுப்பு மூட்டுக்கு மாற்றாக உலோகப் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் பொருத்தும் முறையை, 1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி வெற்றிகரமாகச் செய்து காட்டினார். ஆயின் ஆண்டுகள் செல்லச்செல்ல, கிண்ணத்திலிருந்து உதிரும் நுண்துகள்களை உடல் பகையெனக் கருதி எதிர்க்கிறது. அப்போராட்டத்தில் சுற்றியுள்ள எலும்பு கரைந்து மூட்டு தளர்கிறது. தேய்மானம் குறைந்த புதுவகைப் பாலிஎதிலீன் வந்தபின் இத்தொல்லை வெகுவாகக் குறைந்துள்ளது.

விரல்: தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்ந்துவிடும் என்று மக்கள் நெடுங்காலம் அஞ்சினர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, நோயாளிகளைக் கூர்ந்து கவனித்து உண்மையை விளக்கினார். இந்நோய் நரம்புகளைத் தாக்குவதால் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரம் சுட்டாலும், ஆணி குத்தினாலும் கை விலகுவதில்லை. புண்மேல் புண்ணாகிச் சீழ் பிடிக்கும்போது விரலெலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து, விரல் குறுகுகிறது. நாம் வெறுக்கும் வலி, நம் விரல்களுக்கு இறைவன் வைத்த காவலன் அன்றோ!

இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோயைக் குணமாக்குகிறது. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. உணர்ச்சியற்ற தேமல் தோன்றியதும் சிகிச்சை பெற்றால் நரம்பையும் விரலையும் காக்கலாம். ஆனால், ஊராரின் வெறுப்புக்கு அஞ்சித் தேமலை மறைப்பவர் அக்காலத்தை இழந்துவிடுகிறார். கரைந்த விரல் மீண்டும் வளர்வதில்லை.

நம் ஆண்டவர் தொழுநோயாளரைக் கைநீட்டித் தொட்டார். நாமும் அவர்களை ஒதுக்காது, அன்போடு மருத்துவமனைக்கு வழிகாட்டுவோமாக.