உலோகவிடைச் சேர்வைகளும் மீகடத்துதிறனும்

கம்பியொன்றில் மின்னோட்டஞ் செல்லும்போது அக்கம்பி சூடேறுகின்றது என்பதை ஆய்கூடத்திற் காலடி வைத்த மாணவர் யாவரும் அறிவர். ஓமின் விதியைப் பரிசோதித்து, அழுத்த வேறுபாட்டை ஓட்டத்தால் வகுத்துத் தடையைக் கணித்து, குறிப்பேட்டில் நேர்கோடு வரைந்த நாள்கள் பழைய மாணவர் உள்ளத்தில் இன்றும் பசுமையாக இருக்கும். அத்தடை எங்கிருந்து வருகின்றது? அஃது அடியோடு ஒழியும் நிலையும் உண்டோ? இவ்விரு வினாக்களையும் இம்மலரிற் சிறிது ஆராய்வோம்.

நம் பகுதித் தென்னந் தோப்பொன்றை மனத்திற் கொள்க. வரிசை பிசகாது நடப்பட்ட தோப்பினூடே நேராக நடந்து மறுகரை சேர்தல் எளிது. மரங்கள் தாறுமாறாக நின்றாலோ, காற்றில் ஓயாது அசைந்தாலோ, நடப்பவன் இடறுவான். உலோகத்தில் அணுக்கள் இவ்வாறே ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அவ்வடுக்கைச் சாலகம் என்பர். அதனூடே ஓடும் இலத்திரன்கள் அலையின் இயல்பும் உடையன. ஆதலின், ஒழுங்கான சாலகம் அவற்றைத் தடுப்பதில்லை. வெப்பத்தால் அணுக்கள் அதிர்வதும், மாசும் ஒழுங்கின்மையுமே இலத்திரன்களைச் சிதறச் செய்கின்றன. அச்சிதறலே தடையாகும். வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1940களில் அலகாபாத்தில் பாட்டியா என்பாருடன் சேர்ந்து, உலோகங்களின் தடையை இச்சிதறலைக் கொண்டு விளக்க முயன்றமை நாம் பெருமையுடன் நினைத்தற்குரியது.

இனி, உலோகவிடைச் சேர்வை என்பது யாது? பொற்கொல்லர் பொன்னுடன் செப்பைக் கலப்பது நமக்குப் புதிதன்று. ஒரு பொன்னணுவுக்கு மூன்று செப்பணுக்கள் என்னும் விகிதத்திற் கலந்து உருக்கி, விரைவாகக் குளிரச் செய்தால், அணுக்கள் சாலகத்தில் கண்டவாறு இடம்பிடிக்கும். இது வெறுங் கலப்புலோகம். அதனையே சுமார் 390 சதமபாகைக்குக் கீழே நெடுநேரம் வைத்து மெல்லக் குளிர்த்தினால், பொன்னணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் செப்பணுக்கள் முகங்களின் நடுவிலும் தத்தம் இடத்தில் அமரும். இதுவே உலோகவிடைச் சேர்வை. இரண்டிலும் உள்ள பொன்னும் ஒன்றே, செப்பும் ஒன்றே. எனினும் பின்னதன் தடை வெகுவாகக் குறைந்திருக்கும். ஒழுங்கின் பயன் இதனால் விளங்கும்.

ஆயினும் குறைதல் வேறு, ஒழிதல் வேறு. 1911ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கமர்லிங் ஒன்னசு இரசத்தைத் திரவ ஈலியத்தாற் குளிர்த்தியபோது, 4.2 கெல்வின் அளவில், அதாவது உறைபனிக்கு 269 பாகை கீழே, அதன் தடை திடீரென மறைந்தது. இந்நிலைக்கு மீகடத்துதிறன் என்று பெயர். மீகடத்தி தன்னுள்ளிருந்து காந்தப்புலத்தையும் வெளியேற்றிவிடும் என்பதை 1933இல் மைசுனரும் ஒக்சன்பெல்டும் கண்டனர். காரணத்தை 1957இல் பார்டீன், கூப்பர், சிறீபர் ஆகிய மூவர் விளக்கினர். இலத்திரனொன்று செல்லும்போது நேரேற்றமுடைய சாலகம் அதன்பாற் சற்றே இழுபடுகின்றது. அவ்விழுபாடு மற்றோர் இலத்திரனைக் கவர்கின்றது. இவ்வாறு இலத்திரன்கள் சோடி சேர்ந்து, எல்லாச் சோடிகளும் ஒரே அலையாக ஒழுகுகின்றன. தனியொன்றைச் சிதறச் செய்யும் சிறு தடங்கல் அக்கூட்டொழுக்கைக் குலைக்க மாட்டாது.

தூய உலோகங்களினும் உலோகவிடைச் சேர்வைகளே இத்துறையில் நெடுங்காலம் முன்னின்றன. நயோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்வை 18 கெல்வினில் மீகடத்தியாதல் 1954இல் அறியப்பட்டது. நயோபியமும் ஜெர்மானியமும் சேர்ந்தது 1973இல் 23 கெல்வினை எட்டியது. அதன்பின் உலோகவிடைச் சேர்வைகளில் ஏற்றம் நெடுநாள் காணப்படவில்லை. 1986இல் செப்பொட்சைட்டு மீகடத்திகள் வெளிப்பட்டதும் உலகின் கவனம் அவற்றின்பாற் சென்றது.

அக்காலத்திலும் பம்பாயிலுள்ள தாதா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆர். நாகராஜன், சந்தன் மஜும்தார், எல். சி. குப்தா, ஆர். விஜயராகவன் முதலானோர் உலோகவிடைச் சேர்வைகளைப் பொறுமையுடன் ஆராய்ந்து வந்தனர். இதிரியம், நிக்கல், போரன் என்னும் மூன்று மூலகங்கள் சேர்ந்த பொருளொன்றில் 12 கெல்வின் அளவிலே தடை வீழக் கண்டனர். நிக்கலோ காந்தத் தன்மைக்குப் பெயர்பெற்றது. காந்தம் பொதுவாக மீகடத்துதிறனுக்குப் பகை. மேலும், பொருளின் மிகச் சிறு பகுதியே மீகடத்தியாயிருந்தது. மாசென்று கூறி அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. அவர்களோ அம்மாசு யாதென்று தேடினர். நான்காவது மூலகமொன்று அறியாமற் புகுந்திருக்க வேண்டுமென உய்த்து, காபனை வேண்டுமென்றே சேர்த்தனர். பொருள் முழுமையும் மீகடத்தியாயிற்று! இம்முடிவு 1994இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்கூடத்தினர், இத்தகைய நான்மூலகச் சேர்வைகள் இலுற்றீசியத்துடன் 16.6 கெல்வினிலும், நிக்கலுக்குப் பதிலாகப் பலேடியங் கொண்டு 23 கெல்வினிலும் மீகடத்தியாதலை வெளியிட்டனர்.

இச்சேர்வைகளில் இதிரியமும் காபனும் ஓர் அடுக்காகவும், நிக்கலும் போரனும் மற்றோர் அடுக்காகவும் மாறி மாறி அமைந்துள்ளன. இதிரியத்துக்குப் பதிலாகக் காந்தத் தன்மையுள்ள ஒல்மியத்தை இட்டால் விந்தையொன்று நிகழ்கின்றது. சுமார் 8 கெல்வினில் தோன்றும் மீகடத்துதிறன், 5 கெல்வினை அணுகி அணுக்காந்தங்கள் ஒழுங்குபடுகையில் தளர்கின்றது; மேலும் குளிர்த்தியவிடத்து மீண்டும் வலுப்பெறுகின்றது. பகையென்று கருதப்பட்ட இரண்டும் ஓரிடத்தில் வாழ்தலை ஆராய இச்சேர்வைகள் நல்வாய்ப்பாயின.

இவற்றாற் பயன் என்ன என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவோம். பெரிய மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைப் படம்பிடிக்கும் காந்தப் பொறிகளிற் பெரும்பாலானவை, திரவ ஈலியத்தில் அமிழ்ந்த நயோபிய–தைத்தேனியக் கலப்புலோகச் சுருள்களாலேயே இயங்குகின்றன. அதனினும் வலிய புலம் வேண்டுமிடத்து நயோபிய–வெள்ளீயச் சேர்வையைக் கையாளுகின்றனர். தடையின்மையால் அச்சுருள்கள் சூடேறுவதில்லை.

எனினும், நம் மாணவர்க்கு யாம் கூற விழைவது பயனைப் பற்றியதன்று. யாமும் மாணவராயிருந்த காலத்தில், வரைபின் நேர்கோட்டில் அமையாத புள்ளியொன்றைக் கண்டால், ஆசிரியர் காணுமுன் அழித்துவிட்டு வேறொரு எண்ணை எழுதியதுண்டு. அப்புள்ளி இணைப்புத் தளர்ந்ததைக் காட்டியிருக்கலாம். கம்பி சூடேறியதைக் காட்டியிருக்கலாம். யாது காட்டியதென்பதை யாம் அறிந்திலேம். அழித்துவிட்டோமாகலின் இனி அறியவும் இயலாது. பம்பாய் ஆராய்ச்சியாளர் அழிக்காது விட்ட புள்ளியே ஒரு புதிய சேர்வைக் குலத்தை உலகுக்குத் தந்தது. பிழையாயினும் காரணம் தேடி எழுதுக, அழிக்கற்க.

செங்கலடியிலிருந்து இத்துறைக்குச் செல்லும் வழி நெடிதென்று எவரும் தளரவேண்டியதில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, பின்னர்த் தமிழிற் கலைச்சொல் ஆக்கத்துக்கும் உழைத்தார். அணித்தாகிய வந்தாறுமூலையில் 1986 முதல் கிழக்குப் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. வாயில் அண்மையிலேயே உளது. ஆசிரியர் வழிகாட்ட, பழைய மாணவர் ஆய்கூடத்துக்குக் கருவிகள் உதவ, இளையோர் உண்மையாக அளந்து எழுதுவாராக. அதுவே இவ்விழாவுக்கு நாம் செய்யும் சிறந்த சிறப்பாகும்.