காவல் யாருக்கு?

அன்பு மகள் யாழினிக்கு,

டயட்டீஷியன் பதிவுப் பரீட்சைக்குப் படிக்கிற களைப்பிலும் நீ எழுதியது சந்தோஷம். ஆனால், "படித்தாச்சு, பயிற்சியும் முடித்தாச்சு, பிறகும் ஏன் வருஷாவருஷம் கல்லூரிக்குக் காசு கட்டிக் கணக்குக் காட்டவேணும்?" என்று கேட்டிருந்தாய். இந்தச் சலிப்போடு தொழிலுக்குள் போகாதே பிள்ளை.

உன் தொழிலை ஒழுங்குபடுத்துகிற ஒன்ராறியோ டயட்டீஷியன்கள் கல்லூரி உன்னுடைய சங்கம் அல்ல. உங்கள் தொழிலுக்காகக் குரல் கொடுக்க வேறு சங்கம் இருக்கிறது. 1991ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்தக் கல்லூரிக்குக் கொடுத்த கடமை, பொதுமக்களின் நலனைக் காப்பது. அதனால்தான் அதன் சபையில் டயட்டீஷியன் அல்லாத, அரசாங்கம் நியமிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நீ கட்டுகிற காசில் உன்னிடம் வருகிற நோயாளிக்குக் காவல் போடுகிறார்கள். அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஸ்காபரோவில் டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கிற ஒரு ஐயாவை நினைத்துப் பார். யாரோ ஒருவர், "இளநீர் குடியுங்கோ, கீரையை நல்லாச் சேருங்கோ, உடம்பு சுத்தமாகும்" என்று சொல்லிவிடுகிறார். பழுதான சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும், நின்றும் போகலாம். நீ என்றால் முதலில் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பாய். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கறி வைக்கச் சொல்லுவாய். ஆனால் உனக்கு இது தெரியும் என்று ஐயாவுக்கு எப்படித் தெரியும்? இளநீர் சொன்னவரும் உன்னைப்போலத்தானே உறுதியாகப் பேசினார்!

அதற்குத்தான் கல்லூரியின் பதிவேடு. ஒன்ராறியோவில் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று யாரும் பலகை போடலாம். கல்லூரியில் பதியாதவர் 'டயட்டீஷியன்' என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். ஐயாவின் மகன் இணையத்தில் உன் பெயரைத் தேடினால், நீ பதிந்தவளா, உன் பதிவுக்கு நிபந்தனை ஏதும் உண்டா, ஒழுங்கு விசாரணையில் குற்றவாளியாகக் காணப்பட்டாயா என்று பார்க்கலாம். ஆகவே பதிவு கைக்கு வருமுன் ஃபேஸ்புக்கில்கூட அந்தப் பட்டத்தைப் போடாதே.

பதிந்த பிறகும் விடமாட்டார்கள். உன் அறிவு பழசாகாமல் இருக்கிறதா என்று தரக்கண்காணிப்பில் பார்ப்பார்கள். இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்கிறேன்: நோயாளியோடு பாலுறவு, அவர் சம்மதித்தாலும், நான் சொன்ன 1991ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி துஷ்பிரயோகம்தான். பதிவு பறிபோகும்.

முறைப்பாடு என்றால் பயப்படுகிறாய் போலிருக்கிறது. யாரும் கொடுக்கலாம், கொடுத்தவுடன் நீ குற்றவாளி ஆகிவிடமாட்டாய். உனக்கு அறிவித்து, உன் பதிலையும் வாங்கித்தான் கல்லூரியின் குழு விசாரிக்கும். மேற்கொண்டு ஒன்றும் செய்யாமல் விடலாம், எச்சரிக்கலாம், மேலதிகப் பயிற்சிக்கு அனுப்பலாம், பாரதூரமானால் ஒழுங்குக் குழுவுக்கு அனுப்பலாம். ஒழுங்குக் குழுவுக்கு அனுப்புகிற முடிவைத் தவிர, மற்ற முடிவு பிடிக்காவிட்டால் முறைப்பாட்டாளரோ நீயோ 30 நாளுக்குள் கல்லூரிக்கு வெளியே இருக்கிற மீளாய்வுச் சபையிடம் போகலாம்.

அப்போது உனக்குக் கைகொடுப்பது அன்றன்று எழுதிவைத்த குறிப்புகள்தான். என்ன கேட்டாய், என்ன சொன்னாய், ஏன் சொன்னாய் என்று அன்றைக்கே எழுதிவிடு. முறைப்பாடு வந்தபின் பழைய குறிப்பில் கைவைக்காதே. நோயாளிக்குப் போன் எடுத்து மன்றாடவும் வேண்டாம். பதிலைத் தவணைக்குள் கல்லூரிக்கே எழுது.

அன்புடன்,
சித்தி