வீட்டில் மின்சாரக் காருக்கு மின்னேற்றும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தல்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பவானிபூருக்கு அடியில் 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24 முதல் சுரங்க ரயில் ஓடுகிறது. எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை அன்று திறக்கப்பட்ட பாதையே நம் நாட்டின் முதல் மெட்ரோ ரயில்பாதை. அன்றைய பவானிபூர் நிலையம் இப்பொழுது நேதாஜி பவன் என வழங்குகிறது. அந்த ரயிலுக்கு மூன்றாவது தண்டவாளத்தின் வழியே 750 வோல்ட் நேர்மின்னோட்டம் அளிக்கப்படுகிறது. அதன் மேலே நிற்கும் வீடுகளுக்கோ 230 வோல்ட் மாறுமின்னோட்டமே வருகிறது. நேர்மின்னோட்டம், மாறுமின்னோட்டம் என்னும் இவ்வேறுபாடு மின்சாரக் கார் வாங்கும் குடும்பத்தாருக்கு மிகவும் வேண்டியது. ஏனெனில் காரின் மின்கல அடுக்கு நேர்மின்னோட்டத்தை மட்டுமே ஏற்கும்.

அப்படியானால் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவது எது? சுவரில் பொருத்தப்படும் பெட்டியே அவ்வேலையைச் செய்கிறது எனப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவர்ப்பெட்டி காவலோடு கூடிய ஒரு மின்வாயில், அவ்வளவே. சாலையோர நிலையங்களிலுள்ள பெரிய விரைவுச் சாதனங்கள் மட்டும் தாமே நேர்மின்னோட்டமாக்கி அனுப்புகின்றன. அவை வீட்டிற்கு உரியவை அல்ல.

இதனால் ஒன்று தெளிவாகிறது. காரிலுள்ள மாற்றி 3.3 கிலோவாட் அளவினதாயின், 7.4 கிலோவாட் பெட்டியை வாங்கினாலும் 3.3-க்கு மேல் ஏறாது. ஒருமுனை இணைப்புள்ள வீட்டில் 22 கிலோவாட் மும்முனைப் பெட்டியை மாட்டினால் அதன் முழுத் திறனும் கிடைக்காது. விற்பவர் பெரிய எண்ணைச் சொல்லும்போது, முதலில் காரின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்ப்பதே முறை.

தேவை எவ்வளவு என்பதையும் கணக்கிட வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் சிறு கார் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும் எனக் கொள்வோம். நகருக்குள் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் செல்பவருக்கு ஏழு யூனிட் போதும். 15 ஆம்பியரில், அதாவது 230 × 15 = 3,450 வாட்டில், மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்து இரண்டரை மணி நேரத்திற்குள் அது ஏறிவிடும். 30 யூனிட் கொள்ளும் மின்கல அடுக்கு முற்றும் காலியாகிவிட்டாலும் பத்து மணி நேரத்தில் நிரம்பும். இரவு முழுதும் கார் நிற்கும் வீட்டில் 32 ஆம்பியருக்கு அவசரம் என்ன? நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுவோருக்கும், ஒரே பெட்டியில் இரண்டு கார்களை மாற்றி மாற்றி ஏற்றுவோருக்கும் அது வேண்டியிருக்கலாம், ஏனையோருக்கு வீண்செலவே.

மின்னோட்டம் கூடினால் வெப்பம் அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. இதை ஆசிரியர்கள் வகுப்பில் கணக்காகவே கொடுக்கலாம். தளர்ந்த திருகுமுனையொன்றின் மின்தடை 0.1 ஓம் என்க. 15 ஆம்பியர் பாயும்போது அங்கு 22.5 வாட் வெப்பம் பிறக்கும். வானொலி பழுது பார்ப்போரின் 25 வாட் பற்றுக்கோலுக்கு இது ஏறக்குறைய நிகர். 32 ஆம்பியரில் அதுவே 102 வாட் ஆகிறது. இஸ்திரிப் பெட்டி சில நிமிடங்களில் அணைக்கப்படும். காரோ எல்லோரும் உறங்கும் வேளையில் பல மணி நேரம் இடைவிடாது இழுக்கும்.

பவானிபூரின் பழைய வீடுகளில் மின்னளவி முன்வாயிலருகேயும் கார் நிற்கும் இடம் பின்முற்றத்திலும் இருக்கக்கூடும். இடைத்தூரம் 30 மீட்டர் எனின் போகவும் வரவும் 60 மீட்டர் செம்புக் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் தடை 0.42 ஓம், 15 ஆம்பியரில் 6 வோல்ட்டுக்கு மேல் இழக்கப்படுவதுடன் சுமார் 94 வாட் சுவருக்குள்ளேயே வெப்பமாகும். ஆகவே 15 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டரும், 32 ஆம்பியருக்கு 6-க்குக் குறையாமலும், தூரம் மிகுந்தால் 10-ம் இடுவது தகும். அக்கம்பி வேறு விளக்குக்கோ பம்புக்கோ கிளை கொடுக்காமல், தனக்கென ஒரு எம்.சி.பி.யுடன் நேரே வரவேண்டும்.

இனி, மழையைப் பற்றி. 2025 செப்டம்பர் 23 அன்று கொல்கத்தாவில் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் சுமார் 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தெருக்களில் நீர் தேங்கியது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்ததால் பலர் உயிரிழந்தனர். இந்நகரில் மின்சாதனம் தேர்ந்தெடுப்பவர் இதை மறக்க இயலாது. மின்னேற்றும் இணைவாய் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும் என மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. தாழ்ந்த சந்துகளில் அதையும் போதுமென்று கருதாமல், முன்பு நீர் ஏறிய அடையாளத்தைச் சுவரில் கண்டறிந்து அதற்கு மேலே பொருத்துவதே நன்று.

சாதாரண 16 ஆம்பியர் பிளக்குக்கும் சுவர்ப்பெட்டிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பிளக்கின் துளைகளில் சுவிட்சைப் போட்டவுடன் மின்சாரம் நிற்கும். சுவர்ப்பெட்டியின் 'டைப் 2' இணைப்பியிலோ ஏழு முனைகள் உண்டு. அவற்றுள் ஒன்று செய்திமுனை. வினாடிக்கு 1,000 துடிப்புகள் கொண்ட குறிகையை அதன் வழியே பெட்டி அனுப்புகிறது. காரிலிருந்து உரிய மறுமொழி கிடைக்கும் வரை மின்முனைகள் உயிரற்றே இருக்கும். எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்பதையும் துடிப்பின் அகலமே தெரிவிக்கிறது: 16 ஆம்பியருக்குச் சுமார் 27 விழுக்காடு, 32-க்கு 53. இக்குறிகை எர்த் முனையின் வழியாகவே திரும்புவதால், பெட்டிக்கும் காருக்குமிடையே எர்த் அறுந்தால் மின்னேற்றம் தானே நின்றுவிடும்.

எனினும் பெட்டிக்கு அப்பால் மண்ணுக்குச் செல்லும் எர்த் கம்பியைக் குறிகை அறியாது. பழைய கட்டடங்களில் எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயோடு பிணைத்திருப்பதுண்டு. குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றிய நாளிலேயே எர்த் இல்லாமற் போயிருக்கும். களப்பணியாளர் தம் சோதனைக் கருவியை முதலில் வைக்கவேண்டிய இடம் இதுவே. அடுத்து ஆர்.சி.சி.பி. கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் அது துண்டிக்கவேண்டும். காரின் மாற்றியிலிருந்து நேர்மின்னோட்டமும் கசியக்கூடும். அது சாதாரண 'ஏ.சி.' வகைத் துண்டிப்பானைச் செயலிழக்கச் செய்யும். எனவே 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவை உணரும் அமைப்புள்ள பெட்டியை வாங்கி, அதனுடன் 'ஏ' வகைத் துண்டிப்பானை இடவேண்டும். பெட்டி ஐ.எஸ். 17017 தரத்திற்கு உட்பட்டதா என்று கேட்பதும் அவசியம்.

கோடை இரவில் ஒரு குளிர்சாதனப் பொறி 1.5 கிலோவாட் இழுக்கும். அதனுடன் காரின் 3.3 சேர்ந்தால் அனுமதிக்கப்பட்ட மின்சுமை பல வீடுகளில் போதாது. பவானிபூருக்கு மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி.யிடம் சுமையைக் கூட்டக் கேட்கலாம். அல்லது காருக்கெனத் தனி இணைப்பே கோரலாம். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் இதற்கு இடந்தருகின்றன. பெருநகரங்களில் புதிய இணைப்புக்கான காலக்கெடுவும் ஏழு நாட்களிலிருந்து மூன்று நாட்களாயிற்று. பல குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் வாழும் இடங்களில் தனி இணைப்பு கணக்குச் சண்டையையும் தவிர்க்கும்.

காரை வீட்டினுள் நிறுத்த இடமில்லாதவர்களும் இப்பகுதியில் பலர். அவர்கள் மாடிச் சன்னலிலிருந்து நீட்டிப்புக் கம்பியை நடைபாதைக்குக் குறுக்கே இறக்க எண்ணலாம். நீட்டிப்புக் கம்பியை விதிகள் தடை செய்கின்றன. காரின் இணைவாயும் சாதனத்திலிருந்து 5 மீட்டருக்குள் இருக்கவேண்டும். இத்தகைய வீட்டாருக்கு எந்தப் பெட்டியையும் களப்பணியாளர் பரிந்துரைக்கலாகாது; அருகிலுள்ள பொது மின்னேற்று நிலையத்தைக் காட்டிவிட வேண்டும்.