ஒரு இடைவெளி போதும், ஃபைல் காலி!



நம்ம ஆம்பூர் பக்கம் 'வெட் புளூ' தெரியாதவர் யாரு? குரோமில் பதனிட்ட ஈரத்தோல். நமக்கு அது ஒரே பொருள். லினக்ஸ் ஷெல்லுக்கு ரெண்டு பொருள்! நடுவில் இடைவெளி இருக்குல்ல, அதான்.

'வெட் புளூ' என்ற ஃபைலை அழிக்க இப்படிக் கட்டளை கொடுக்கிறோம் (கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கணும்):

ஆர்எம் வெட் புளூ

ஷெல் 'வெட்'டைத் தனியாகவும் 'புளூ'வைத் தனியாகவும் தேடும். ரெண்டுமே இல்லைன்னா பிழைச்செய்தி வரும், தப்பிச்சோம். 'புளூ' என்று வேறு ஃபைல் அங்கே இருந்தால் அது போச்சு. ஆர்எம் அழிச்சது குப்பைத்தொட்டிக்கும் போகாது.

வெளிநாட்டில் நடந்ததைக் கேளுங்க. 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் மென்பொருளை நிறுவும் ஸ்கிரிப்டில், ஒரு முகவரியின் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. முகவரி ரெண்டாக உடைந்தது. முன்பாதி '/யூஎஸ்ஆர்'. பெரும்பாலான புரோகிராம்கள் இருக்கும் ஃபோல்டர் அது. நிறுவியவர்களின் கம்ப்யூட்டரில் அது மொத்தமும் அழிந்தது!

இதற்கு வைத்தியம்தான் 'எஸ்கேப்' செய்வது. நாம 'எஸ்கேப் ஆயிட்டான்' என்போமே, அதே மாதிரி குறி தன் விசேஷ வேலையிலிருந்து தப்பி, வெறும் எழுத்தாக நிற்கும். இடைவெளிக்கு முன்னால் \ போடலாம்:

ஆர்எம் வெட்\ புளூ

அல்லது முழுப் பெயரையும் மேற்கோளுக்குள் வைக்கலாம்:

ஆர்எம் 'வெட் புளூ'

இடைவெளி மட்டுமில்லை. * என்றால் 'இங்குள்ள எல்லாம்'. & வந்தால் கட்டளை அங்கேயே முடிந்து, மீதி புதுக் கட்டளையாகிவிடும். 'க்ரஸ்ட் & நாப்பா' என்று பெயர் வைத்தால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

ஒற்றை மேற்கோளுக்குள் எந்தக் குறிக்கும் சக்தி இல்லை. இரட்டை மேற்கோளுக்குள் $ மட்டும் பெரும்பாலும் விழித்திருக்கும். அதனால்தான் ஸ்கிரிப்டில் "$எஃப்" என்று இரட்டையில் எழுதுகிறோம். $எஃப் இருக்கும் இடத்தில் ஃபைல் பெயர் வந்து உட்காரும், இடைவெளியோடு உடையாமலும் இருக்கும். ஒற்றையில் எழுதினால் '$எஃப்' என்ற பெயரிலேயே ஃபைலைத் தேடும்! விண்டோஸ் கட்டளைத் திரையில் ஒற்றை மேற்கோள் செல்லாது, இரட்டைதான்.

லேபில் செய்து பாருங்க: காலி ஃபோல்டரில் நாலு ஃபைல் உண்டாக்குங்க. ஆர்எம்முக்குப் பதில் எக்கோ போட்டு,

எக்கோ வெட்*
எக்கோ வெட் *

ரெண்டுக்கும் என்ன வருதுன்னு நோட்டில் எழுதிட்டு வாங்க.