விடுவிக்கும் முன் விசாரியுங்கள்: இன்புட் டிரைவர் பேட்ச்களை ரிவியூ செய்வது எப்படி?

லினக்ஸ் கர்னலுக்கு வரும் பேட்ச்களிலேயே பார்க்கச் சாதுவாக இருப்பது, ‘மெமரி லீக் சரிசெய்யப்பட்டது’ என்ற தலைப்போடு வருவதுதான். கூடியிருப்பது ஒரே ஒரு வரி. பெரும்பாலும் அது மெமரியை விடுவிக்கும் ஒரு ‘கேஃப்ரீ’. ‘ஆமாம், விட்டுப்போயிருக்கிறது’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். அந்த வரி உரிய இடத்தில் இருந்தால் கசிவு அடைபடும். இரண்டு வரி தள்ளி இருந்தால் பாதுகாப்பு ஓட்டை திறக்கும்.

கர்னல் வேலையில் கால்பதிக்க நினைக்கும் இளம் பொறியாளர்களுக்கு கீபோர்டு, மவுஸ், டச்ஸ்கிரீன், ஜாய்ஸ்டிக் டிரைவர்களைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. பல டிரைவர்கள் ஒரே உட்காரலில் படித்து முடிக்கக்கூடிய அளவுதான். சோதிக்கத் தேவையான சாதனம் மேசையிலேயே இருக்கிறது. ரிவியூ செய்ய யாரிடமும் பதவியோ அனுமதியோ வாங்க வேண்டியதில்லை. தேவைப்படுவது பொறுமையும் ஒரு கேள்வியும் மட்டுமே: இந்த மெமரி இந்த நொடியில் யாருடைய பொறுப்பு?

1. எது பெரிய ஆபத்து என்று முதலில் எடை போடுங்கள்

சாதாரண நிரலில் மெமரி கசிந்தால், அந்த நிரல் முடியும்போது சிஸ்டம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். கர்னலுக்கு அந்த வசதி இல்லை. கசிந்தது கசிந்ததுதான், ரீபூட் வரை திரும்பாது. ஆனாலும் கசிவைவிடக் கொடியது, விடுவித்துவிட்ட மெமரியைத் தொடுவது, அதாவது ‘யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’. கசிவு இயந்திரத்தை மெல்ல மெல்லத் தளர்த்தும். இதுவோ ஒரே நொடியில் கவிழ்க்கும். கெட்டிக்காரத் தாக்குநர் கையில் கிடைத்தால் கர்னலையே கைப்பற்ற வழிவிடும். ஆகவே, கசிவைச் சரிசெய்யும் பேட்ச் புதிதாக ஒரு ‘யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’யைக் கொண்டுவந்தால் நோயைவிட மருந்து மோசம்.

இது வெறும் ஊகமல்ல. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், சிறு பிழைத்திருத்தம் போலத் தோன்றினாலும் இப்படிப்பட்ட ஓட்டைக்கு வழிவகுக்கும் பேட்ச்களைப் பொய்ப்பெயரில் அனுப்பி ரிவியூவைச் சோதித்தார்கள். 2021 ஏப்ரலில் அது பெரிய சர்ச்சையாக வெடித்தது. அதைத் தொடர்ந்து அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த 435 மாற்றங்களை கர்னல் குழுவினர் மறுபடியும் உட்கார்ந்து படித்தார்கள். 349 சரியாக இருந்தன. 39 தவறானவை, திருத்தப்பட வேண்டியவை என்று தெரிந்தது. ஏற்கெனவே ஒருமுறை ஏற்கப்பட்ட பேட்ச்கள் அவை என்பதை நினைவில் வையுங்கள். சின்ன பேட்ச்தானே என்று யாரோ கண்ணை எடுத்த இடத்தில்தான் இவை உள்ளே வருகின்றன.

கசிவுகளும் எல்லாம் ஒரே எடை அல்ல. இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் கசிந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் மெமரி போகும். டிஸ்கனெக்டில் கசிந்தால் சாதனத்தைப் பிடுங்கும்போதெல்லாம் போகும். சாதனத்தைத் தயார்செய்யும் ஃபங்ஷனான ப்ரோபின் பிழைப் பாதையில் கசிந்தால் ஒருமுறைதான் போகும் என்று நினைப்போம். ஆனால் ரெகுலேட்டர், கிளாக் போன்றவை தயாராகாததால் ப்ரோப் ஒத்திவைக்கப்பட்டால், கர்னல் அதே ப்ரோபைத் திரும்பத் திரும்ப அழைக்கும். அத்தனை முறையும் கசியும். கசிவு எந்தப் பாதையில் என்று கேட்டாலே பேட்ச்சின் அவசரம் புரிந்துவிடும்.

2. பேட்ச்சை மட்டும் படிக்காதீர்கள், ஃபங்ஷனை முழுக்கப் படியுங்கள்

பேட்ச் காட்டுவது மாறிய வரிக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி. மெமரியின் கதை அந்த ஏழு வரிக்குள் அடங்காது. ஃபைலைத் திறந்து, ப்ரோபையும், சாதனம் விலகும்போது ஓடும் ரிமூவையும் (யூஎஸ்பி டிரைவர்களில் அதுவே டிஸ்கனெக்ட்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பயிற்சிக்கு உகந்த ஃபைல் ஒன்று உண்டு: யூஎஸ்பிஎச்ஐடி அடைவில் இருக்கும் ‘யூஎஸ்பிமவுஸ்’ டிரைவர். அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறு டிரைவர் இருந்தாலும், படித்துத் தேற இதற்கு ஈடு குறைவு. இதன் ப்ரோப் வரிசையாக நான்கு பொருளை வாங்குகிறது: டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்ட், இன்புட் டிவைஸ், மவுஸ் அனுப்பும் தகவலுக்கு 8 பைட் டிஎம்ஏ மெமரி, கடைசியாக யூஎஸ்பி கோரிக்கையான யூஆர்பி. அதன்பிறகு இன்புட் டிவைஸின் பதிவு. பதிவு தோற்றால் ‘ஃபெயில்3’ லேபிளுக்குத் தாவும். அங்கே யூஆர்பி விடுவிக்கப்படும். அப்படியே ‘ஃபெயில்2’க்குச் சரியும்; 8 பைட் போகும். பிறகு ‘ஃபெயில்1’, இன்புட் டிவைஸும் ஸ்ட்ரக்டும் போகும். வாங்கியதற்கு நேர்தலைகீழ் வரிசை.

காகிதத்தில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் வாங்கியவை, மேலிருந்து கீழாக. வலப்பக்கம் ஒவ்வொரு ‘கோட்டு’வும் எந்த லேபிளுக்குப் போகிறது, அங்கே என்னென்ன விடுபடுகிறது. ஜோடி சேராத வரி எதுவோ அதுதான் கசிவு. இரண்டு ஜோடி சேர்ந்த வரி எதுவோ அதுதான் டபுள் ஃப்ரீ. அனுபவம் உள்ளவர்கள் இதை மனதுக்குள் செய்கிறார்கள். தொடக்கத்தில் காகிதமே நல்லது.

லேபிளின் பெயரை நம்ப வேண்டாம், அதன் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். புதிதாக ஓர் ஒதுக்கீட்டை நடுவில் நுழைத்த பேட்ச், பழைய ‘கோட்டு’க்களைத் திருத்த மறந்திருக்கும். கசிவுகள் பிறக்கும் வழக்கமான இடம் அது.

3. பதிவு என்ற எல்லைக்கோடு

இன்புட் டிரைவர்களில் பொறுப்பு கைமாறும் இடம் ‘இன்புட்_ரெஜிஸ்டர்_டிவைஸ்’. அதை அழைக்கும் முன்போ, அழைத்துத் தோற்றாலோ ‘இன்புட்_ஃப்ரீ_டிவைஸ்’ சரி. பதிவு வெற்றி பெற்றுவிட்டால் ‘இன்புட்_அன்ரெஜிஸ்டர்_டிவைஸ்’ மட்டும்தான். அதன்பின் ஃப்ரீ கூடவே கூடாது.

காரணம் எளிது. பதிவான சாதனத்தை டிரைவர் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. திரையில் ஓடும் நிரல் ஒன்று அதன் ஈவென்ட் ஃபைலைத் திறந்து வைத்திருக்கலாம். கடைசி ஆள் பிடியை விடும்போதுதான் மெமரி போக வேண்டும். ரெஃபரன்ஸ் கவுன்ட் அதைப் பார்த்துக்கொள்ளும். அன்ரெஜிஸ்டருக்குப் பிறகு ‘லீக் ஆகிறதே’ என்று ஒரு ஃப்ரீயைச் சேர்த்தால், தனக்கு உரிமையில்லாத ஒரு கவுன்ட்டையும் டிரைவர் குறைத்துவிடும். சேர்த்தவர் நல்லெண்ணத்தோடுதான் சேர்த்திருப்பார். நிறுத்த வேண்டியது நீங்கள்.

இதே காரணத்தால், அன்ரெஜிஸ்டர் செய்த பிறகு அந்த இன்புட் டிவைஸ் பாயின்டரை டிரைவர் தொடவும் கூடாது. ரிமூவில் அந்த வரிக்குக் கீழே அதன் பெயர் வருகிறதா என்று தேடிப் பாருங்கள்.

4. விடுவிக்கும் நேரத்தில் இன்னும் யார் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்?

ஒரு மெமரியை விடுவிக்கும் வரியைக் கண்டால், அதைத் தொடக்கூடிய மற்றவர்களை வரிசையாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். இன்புட் டிரைவர்களில் அவர்கள் நால்வர்: இன்டரப்ட், டைமர், வொர்க் க்யூ, யூஆர்பி.

மறுபடியும் அந்த மவுஸ் டிரைவருக்கு வாருங்கள். மவுஸைப் பிடுங்கியதும் டிஸ்கனெக்ட் எதையும் விடுவிக்கும் முன் செய்வது ‘யூஎஸ்பி_கில்_யூஆர்பி’. அது கோரிக்கையை ரத்து செய்வதோடு நிற்காமல், ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கிறது. பிறகே அன்ரெஜிஸ்டர், யூஆர்பி விடுவிப்பு, 8 பைட், ஸ்ட்ரக்ட். இந்த ஹேண்ட்லர் ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே மறுபடி அனுப்பிக்கொள்ளும் வகை. ஆகவே ‘கில்’லுக்குப் பதிலாக, காத்திருக்காமல் திரும்பிவிடும் ‘அன்லிங்க்’கை ஒரு பேட்ச் போட்டிருந்தால் உடனே கேள்வி கேளுங்கள்.

டைமருக்கும் வொர்க்குக்கும் இதே விதி. பெயரின் கடைசியில் ‘சிங்க்’ இருந்தால்தான் காத்திருக்கும். ‘சிங்க்’ இருந்தாலும் போதாத இடம் ஒன்று உண்டு: டைமர் வொர்க்கைக் கிளப்ப, வொர்க் டைமரைக் கிளப்ப, ஒன்றை நிறுத்தும்போது மற்றது அதை எழுப்பிவிடும். அதற்காகவே 6.2 கர்னலில் ‘டைமர்_ஷட்டவுன்_சிங்க்’ வந்தது. அதை அழைத்தபின் அந்த டைமரை யாராலும் மீண்டும் கிளப்ப முடியாது.

5. ‘டெவ்எம்’ கலப்படத்தில் கூடுதல் கவனம்

2007இல் வந்த டெவ்எம் வகை ஃபங்ஷன்கள் பெரும் வரம். வாங்கியதை அவையே தலைகீழ் வரிசையில் திருப்பித் தரும். ஆனால் எப்போது? ரிமூவ் முடிந்த பிறகு. இந்த ‘பிறகு’ என்பதில்தான் சிக்கல்.

அடிக்கடி சந்திக்கக்கூடிய வடிவம் இது: ஸ்ட்ரக்ட் சாதாரண ‘கேஇசட்அலாக்’கில் வாங்கப்பட்டிருக்கும், இன்டரப்ட் டெவ்எம்மில் வாங்கப்பட்டிருக்கும். ரிமூவில் ‘கேஃப்ரீ’ இல்லை என்று பார்த்து ஒருவர் சேர்ப்பார். இப்போது ஸ்ட்ரக்ட் போன பிறகும் இன்டரப்ட் உயிரோடு இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு விரல் திரையைத் தொட்டால், விடுவிக்கப்பட்டுவிட்ட மெமரியை ஹேண்ட்லர் தொடும். சரியான திருத்தம் ‘கேஃப்ரீ’யைச் சேர்ப்பதல்ல, ஸ்ட்ரக்டையும் டெவ்எம்முக்கு மாற்றுவது.

நேர்மாறான வடிவமும் உண்டு. எல்லாம் டெவ்எம்; ஆனால் வொர்க்கை யாரும் ரத்து செய்யவில்லை. சாதனம் போய்விட்டது, மெமரி போய்விட்டது, வொர்க் அப்புறம் ஓடும். ‘டெவ்எம்_ஆட்_ஆக்ஷன்_ஆர்_ரீசெட்’ மூலம் ரத்து செய்வதையும் அதே வரிசையில் கோர்க்கச் சொல்லுங்கள். டெவ்எம்மில் வாங்கியதற்குத் தனியாக ‘கேஃப்ரீ’ எழுதியிருந்தால் அது நேரடி டபுள் ஃப்ரீ. யோசிக்காமல் திருப்பி அனுப்பலாம்.

6. விளக்க உரையையும் ரிவியூ செய்யுங்கள்

நல்ல பேட்ச்சின் விளக்கம் மூன்றைச் சொல்லும்: எந்தப் பாதையில் பிழை, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது, எந்தப் பழைய மாற்றத்தால் வந்தது. கடைசிக்குத்தான் ‘ஃபிக்சஸ்’ என்ற குறிப்பு. பழைய கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்தாவது இருக்க வேண்டும். அதை அப்படியே நம்பாமல் அந்தக் கமிட்டைத் திறந்து, பிழை உண்மையிலேயே அங்கேதான் பிறந்ததா என்று பாருங்கள். திருத்தம் எந்தெந்த ஸ்டேபிள் கர்னல்களுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்க இது உதவுகிறது. தவறான திருத்தமும் அதே வண்டியில்தான் போகும். ஸ்டேபிள் கர்னலை நம்பியிருக்கும் எத்தனையோ சாதனங்களைச் சென்றடையும்.

திருத்தத்தோடு அழகுபடுத்தலைக் கலந்திருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். 2023இல் 6.5 கர்னலோடு வந்த தானியங்கி விடுவிப்பு முறைகள் அருமையானவை. ஆனால் அவற்றுக்கு மாறுவது தனி பேட்ச். பிழைத்திருத்தம் தனி பேட்ச்.

7. கண்ணை நம்புங்கள், கருவியையும் ஓட்டுங்கள்

கேமெம்லீக் கசிவைக் காட்டும்; கேசான் விடுவித்த மெமரியைத் தொடுவதைக் காட்டும். பிழைப் பாதைகள் இயல்பாக ஓடுவது அரிது என்பதால், ஃபெயில்ஸ்லாப் மூலம் மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கச் செய்யலாம். சாதனம் இல்லையென்றால் கியூஇஎம்யூ மெய்நிகர் இயந்திரத்தில் யூஎஸ்பி மவுஸ் உண்டு. எச்ஐடி டிரைவர்களுக்கு யூஎச்ஐடி மூலம் போலிச் சாதனம் உருவாக்கலாம். பைண்டும் அன்பைண்டும் மாறி மாறி ஒரு லூப்பில் ஓடட்டும். ஓட்டிப் பார்த்திருந்தால் ‘டெஸ்டட் பை’ என்று எழுதுங்கள். ஓட்டாமல் எழுதாதீர்கள்.

8. கருத்தை எழுதும் விதம்

‘இது தவறு’ என்பது ரிவியூ அல்ல. பாதையைக் காட்டுங்கள்: ‘பதிவு வெற்றி பெற்றபின் இன்டரப்ட் கோரிக்கை தோற்றால் இந்த லேபிளுக்கு வருகிறோம். இங்கே ஃப்ரீ அழைக்கப்படுகிறது. ஆனால் டிவைஸ் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இங்கே அன்ரெஜிஸ்டர் அல்லவா வர வேண்டும்?’ நான்கு வாக்கியம், யாரும் சரிபார்க்கலாம், யாரும் புண்பட மாட்டார்கள். உங்கள் கணிப்பே தவறாக இருந்தால் தவறு எங்கே என்று பேட்ச் எழுதியவரால் சுட்டிக்காட்ட முடியும். அதிலும் கற்றுக்கொள்வது நீங்கள்தான்.

‘ரிவியூட் பை’ என்று உங்கள் பெயரைச் சேர்ப்பது மரியாதைக் கையெழுத்து அல்ல. படித்தேன், ஐயங்களை எழுப்பினேன், கிடைத்த பதில் திருப்தி, எனக்குத் தெரிந்தவரை இதில் குறையில்லை என்ற உறுதிமொழி அது. ஒரு பகுதி மட்டும் புரிந்திருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள், மதிப்பு குறையாது.

வேலைவாய்ப்புக் கோணத்திலும் இதற்கு நிகரில்லை. உங்கள் பெயர் கர்னலின் நிரந்தர வரலாற்றில் பதிகிறது. நேர்காணலில் சான்றிதழைக் காட்டுவதைவிட, நீங்கள் கேட்ட ஒரு கேள்வியால் பேட்ச்சின் இரண்டாம் பதிப்பு மாறி வந்ததைக் காட்டுவது ஆயிரம் மடங்கு பேசும். எம்பெடட் நிறுவனங்கள் தேடுவதும் இப்படி யோசிக்கும் ஆட்களைத்தான்.

இந்த வாரமே தொடங்குங்கள். யூஎஸ்பிமவுஸ் ஃபைலைக் காகிதத்தில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். பிறகு இன்புட் பகுதியில் ஏற்கெனவே சேர்ந்த மெமரி திருத்தங்களை கிட் வரலாற்றில் தேடி, தீர்ப்பைப் பார்க்காமல் நீங்களே ரிவியூ எழுதி, நடந்த விவாதத்தோடு ஒப்பிடுங்கள். கை பழகியதும், இன்னும் யாரும் பதில் சொல்லாத ஒரு புதிய பேட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் எழுதுபவர்கள் பெருகிவிட்டார்கள். பொறுமையாகப் படித்துப் பதில் சொல்பவர்களுக்குத்தான் பஞ்சம். அந்த இடம் உங்களுக்காகத் திறந்தே இருக்கிறது.