விரோதி வருஷத்துப் புத்தகம்

பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து விவரம் பதியும் வேலையில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். பட்டியல் எங்கள் கணினிக்குள் இருந்தவரை எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. வேறொரு நூலகத்தின் பட்டியலோடு அதை இணைத்த அன்றுதான் சிக்கல் புரிந்தது. ஆசிரியர் வரிசையில் ஔவையார் இரண்டு இடத்தில் நின்றார். ஓரிடத்தில் எங்கள் நூல்கள், இன்னோரிடத்தில் அவர்கள் நூல்கள். இலக்கிய வரலாற்றில் ஔவையார் ஒருவரா பலரா என்பது வேறு விவாதம். இங்கே இருந்தது ஒரே ஆத்திசூடி.

எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தோம். அவர்கள் ‘ஔ’ என்ற உயிரெழுத்தைத் தட்டியிருந்தார்கள். எங்களில் ஒருவர் ‘ஒ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டியிருந்தார். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ‘கொ’வில் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டிருந்தால், யூனிகோடின் இயல்பாக்கம் அவற்றை ஒன்றாக்கிவிடும். ‘ஒள’வை அது தொடாது, அவை இரண்டு தனி எழுத்துகள். அவசரப்பட்டு எல்லா ‘ஒள’வையும் ஒரே கட்டளையில் மாற்றினேன். ‘ஒளி’ என்று தொடங்கிய தலைப்புகளெல்லாம் சிதைந்துபோயின. காப்புப்பிரதி இருந்ததால் தப்பித்தோம். ‘ஸ்ரீ’யிலும் இதே தொல்லை உண்டு: ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்குவது மற்றொன்று. பகிரும் முன் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் அடுக்கி ஒருமுறை கண்ணால் பாருங்கள். ‘ஔ’ வரிசையில் வர வேண்டியவர் ‘ஒ’ வரிசையில் நின்றால் பிடித்துவிடலாம்.

ஆண்டு விஷயம் இதைவிடக் கடினம். மின்னூலகங்கள் பரவலாகக் கையாளும் டப்ளின் கோர் வடிவத்தில் 15 புலங்கள். அதில் தேதிக்கு நாம் தர வேண்டியது ஆங்கில ஆண்டு. என் கையிலிருந்த நூலின் முகப்பிலோ ‘விரோதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருந்தது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் விரோதி 1889இலும் வரும், 1949இலும் வரும். தை மாதம் என்பதால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும்: 1890 அல்லது 1950. கூட வேலை பார்த்தவர் 1889 என்றே பதிந்திருந்தார். உள்ளட்டையில் யாரோ மையால் கையெழுத்திட்டு 1912 என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகே 1890 என்று உறுதியானது.

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: அச்சில் உள்ளதை உள்ளபடி ஒரு புலத்தில் எழுதுவோம். நாம் கணித்த ஆண்டை [1890] என்று பகர அடைப்புக்குள் இன்னொன்றில் தருவோம். எதை வைத்துக் கணித்தோம் என்பதைக் குறிப்பில் சேர்ப்போம். மூலச் சொல்லை அழித்துவிட்டுத் திருத்தியதை மட்டும் வைத்தால், நம் பிழையைப் பின்னால் வருபவர் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

இன்னும் மனம் ஆறாத ஒன்று உண்டு. திருக்குறள் உரைப் பதிப்பு ஒன்றில் மூல ஆசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர் என்று மூன்று பேரின் உழைப்பு இருக்கிறது. எளிய டப்ளின் கோரில் வள்ளுவர் ‘படைப்பாளர்’ ஆவார். பரிமேலழகரும் பதிப்பித்தவரும் ‘பங்களிப்பாளர்’ என்ற ஒரே பையில் விழுவார்கள். உரை மரபில் வளர்ந்த மொழிக்கு இது பெரிய இழப்பு. அதனால் எங்கள் தளத்தில் விரிவான பதிவை வைத்துக்கொண்டு, வெளியே அனுப்பும் பதிவில் விளக்கப் புலத்தில் ‘உரை:’, ‘பதிப்பு:’ என்று மாறாத சொற்களோடு பெயர்களை எழுதுகிறோம். ‘மூலமும் பரிமேலழகருரையும்’ என்று முகப்பில் இருந்தால் அதைத் தலைப்பிலிருந்து வெட்டுவதில்லை.

புனைபெயர்களுக்கு வழி எளிது. புதுமைப்பித்தனையும் சொ. விருத்தாசலத்தையும் ஒரே அடையாள எண்ணில் கட்டிவிட்டால் எந்தப் பெயரில் தேடினாலும் கிடைப்பார்.

புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே அந்த விரோதி வருஷத்துப் புத்தகத்தைக் கொடுத்துப் பதியச் சொல்கிறேன். பெரும்பாலோர் 1889 என்றுதான் எழுதுகிறார்கள். பிறகு உள்ளட்டையைத் திருப்பிக் காட்டுகிறேன்.