நம்பிக்கைகளும் உண்மைகளும்: பால்கோவா தப்பியது, உப்பு மாட்டியது

"பாக்கெட் உப்பாலதான் தைராய்டு கேன்சர் வருதாம், நாங்க கல்லுப்புக்கு மாறிட்டோம்." ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் காதில் விழுந்த பேச்சு.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கதிரியக்க அயோடின் கொடுக்கும் முன் ஓரிரு வாரம் அயோடின் உப்பைத் தொடாதீர்கள் என்பார் மருத்துவர். வீட்டுக்கு வருவதற்குள் அது "உப்பாலதான் வந்துச்சாம்" ஆகிவிடுகிறது. உண்மையில், மிச்சமிருக்கும் தைராய்டு திசு அயோடினுக்கு ஏங்கிக் கிடந்தால்தான் கொடுக்கிற மருந்தை நன்றாக உறிஞ்சும். பந்திக்கு முன் பட்டினி போடுகிற கணக்கு. அந்த நாட்களில் பாலும் கூடாது, அதிலும் அயோடின் உண்டு. ஆக, பால்கோவாவும் கிடையாது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா மேல் யாரும் பழி போடுவதில்லை!

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்தபட்ச அளவில், 10 கிராம் உப்புத் தின்றால்தான் தேவையே நிரம்பும்.

"அயோடின் உப்பு வந்தப்புறம்தானே நோய் கூடுச்சு?" தென் கொரியாவைப் பாருங்கள். அயோடின் நிறைந்த கடற்பாசி சூப்பை அவர்கள் காலங்காலமாகக் குடிக்கிறார்கள். 1999-க்குப் பிறகு கழுத்து ஸ்கேன் பரவலாகி, 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோய் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. சாவு எண்ணிக்கையோ ஏறவில்லை. கூடியது ஸ்கேன்.

அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். ஃபாலிகுலர் வகைப் புற்றின் பங்கும் கூடும். போதுமான அளவு கிடைக்கும் ஊர்களில் பாப்பிலரி வகையின் பங்கு கூடுதல். அது பெரும்பாலும் மெல்ல வளர்வது, குணமாவது. அளவு மீறினால் தைராய்டு முரண்டு பிடிக்கும் என்பதும் நிஜம்தான். அதற்காகச் சாம்பாரில் போடும் உப்பைக் குற்றவாளி ஆக்கமுடியாது.

கடலில் விளைந்த கல்லுப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. இருப்பது பெயருக்குத்தான். இந்துப்பும் அப்படியே. தூத்துக்குடி உப்பளங்களைக் கைவசம் வைத்திருக்கும் தமிழ்நாடு, 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில் கடைசி இடம்: 61.9 சதவீத வீடுகளில்தான் போதுமான அயோடின் உள்ள உப்பு இருந்தது.

கல்லுப்புதான் பிடிக்குமென்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கிடைக்கிறது, பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் உப்பை மாற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.